ரெண்டு தங்கச்சி, ஒரு பத்திரிக்கை: ராம்நாட்டுல நான் கார்டு அடிச்ச பிரஸ் பத்தி

எனக்கு ரெண்டு தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே கோயில்ல (நாங்க சர்ச்சைத்தான் கோயில்னு சொல்லுவோம்), ஒரே பூசையில கல்யாணம். இந்த ஒரு விஷயத்தை பத்திரிக்கையில இங்கிலீஷ்ல ஒழுங்கா சொல்றதுக்கு நான் பாம்பன்ல இருந்து ராம்நாட்டுக்கு நாலு தடவை பஸ் ஏறியிருக்கேன், அந்த நாலு தடவையும் வீண் போகலன்னு சொல்லத்தான் இந்த ரிவ்யூ. பேப்பர், டிசைன், ரேட் எல்லாம் கீழ வருது. ஆனா இந்த பிரஸ்ஸோட விசேஷம் அது எதுவும் இல்ல. இங்க நம்ம குடுக்குற மேட்டரை ஒரு ஆளு உக்காந்து முழுசா படிச்சுப் பாத்துட்டுத்தான் அடிக்கிறாங்க.

மொதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன். எங்க அப்பா விசைப்படகுல போறவரு. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பதான் அப்பா, சித்தப்பாமாரு, மாமாமாரு எல்லாரும் கரையில இருப்பாங்க, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தபசுக்காலமும் முடிஞ்சு ஈஸ்டரும் முடிஞ்சிருக்கும், அதனால மே மாசம்னு குறிச்சோம். பத்திரிக்கை ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷ் எதுக்குன்னா கொழும்புல எங்க சித்தி வீடு, குவைத்ல அத்தை வீடு, அங்க பொறந்த புள்ளைங்களுக்கு தமிழ் பேச வரும், படிக்க வராது. மாப்பிள்ளைங்க கூட வேலை பாக்குறவங்கள்ல மலையாளத்துக்காரங்க, ஹிந்திக்காரங்க வேற இருக்காங்க.

மொத தடவை வேற ஒரு இடத்துல குடுத்தோம், பேரு வேணாம். கார்டு பாக்க அழகாத்தான் இருந்துச்சு. அட்டையில தங்கக் கலர்ல பெருசா "அவர் டாட்டர்'ஸ் வெட்டிங்" அப்டின்னு ஒரே ஒரு வரி, பேரெல்லாம் உள்ளதான். அந்த அட்டையை மட்டும் ஃபோட்டோ எடுத்து சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டேன். அன்னைக்கு ராத்திரியே கொழும்பு சித்தி ஃபோன் பண்ணிட்டாங்க, "என்னப்பா, ஒரு புள்ளைக்குத்தான் கல்யாணம்னு போட்டுருக்கு, மத்தவளுக்கு என்னாச்சு, ஏதும் பிரச்சனையா"ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல, எஸ் இருக்கே, எஸ்னா நெறைய பேருதானேன்னு நானும் சொல்றேன். சித்தி அங்க இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்க, "மேல கமா எங்க இருக்கு பாரு"ன்னாங்க.

பாத்தேன். டாட்டர், அப்புறம் மேல்கமா, அப்புறம் எஸ். அப்டி இருந்தா ஒரே ஒரு மகள். டாட்டர்ஸ்னு எஸ்ஸை முடிச்சுட்டு அதுக்குப் பின்னாடி மேல்கமா வந்தாத்தான் மகள்கள். வாயில சொல்லும்போது ரெண்டும் ஒரே சத்தம், காதுல கேட்டா யாருக்கும் வித்தியாசமே தெரியாது, பேப்பர்லதான் ஆளு எண்ணிக்கை மாறுது.

திரும்பிப் பாத்தா சின்னவ அடுப்படி நடையில நிக்கிறா. அவ மதுரையில நர்ஸா இருக்கா, கார்டு வந்த அன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, ரெண்டு நாளா வாயே தொறக்கல. வந்து கார்டை எடுத்து அந்த மேல்கமா மேல வெரல வெச்சு, "இதுல நான் இல்லண்ணே" அப்டின்னா. அழுகல, கோவப்படல, அவ்ளோதான் சொன்னா. பெரியவளுக்கு வரன் அமைஞ்சப்பறம்தான் இவளுக்கு அமைஞ்சுது, ரெண்டு செலவு தாங்காதுன்னு ஒண்ணா வெச்சோம், அதுலயே அவளுக்கு உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சோ தெரியல. எனக்கு அன்னைக்கு தூக்கம் இல்ல.

அடிச்ச இடத்துல போய்க் கேட்டா "எஸ் இருக்குல்ல, அப்புறம் என்ன, இதெல்லாம் யாரு பாக்கப் போறா"ன்னு சொல்லிட்டாங்க. மாத்தி அடிக்கணும்னா முழுக் காசு கேட்டாங்க. கோயில்ல அதுக்குள்ள ரெண்டாவது ஓலை, அதான் கல்யாண அறிவிப்பு, வாசிச்சாச்சு. அப்பதான் உச்சிப்புளியில இருக்குற என் ஃப்ரெண்டு இந்த பிரஸ்ஸைச் சொன்னான்.

கடை அரண்மனைப் பக்கம் ஒரு சந்துக்குள்ள மாடியில இருக்கு. போர்டு சின்னது, கவனிக்காம தாண்டிப் போயிருவீங்க. கீழ வண்டி நிறுத்த எடம் கெடையாது, படி செங்குத்தா இருக்கும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா யோசிச்சுக்கங்க. உள்ள ஓனர் அண்ணன் கம்ப்யூட்டர்ல இருப்பாரு. அவருக்குப் பின்னாடி ஜன்னலோரம் ஒரு மேஜை, அதுல செவப்புப் பேனாவும் கண்ணாடியுமா ஒரு அம்மா. ஓனரோட மாமியாராம், அவரு "அத்தை"ங்கறாரு, மத்தவங்க எல்லாம் டீச்சர்னுதான் கூப்புடுறாங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டயர்ட் ஆனவங்க. அவங்க வீட்டுக்காரரு பழைய அச்சாபீஸ்ல கம்போசிட்டரு, ஈய எழுத்தை ஒவ்வொண்ணா பொறுக்கி அடுக்குன காலம், ஸ்கூல் விட்டு வந்து ராத்திரி அவருக்கு ப்ரூஃப் பாத்துப் பாத்து பழகுனதுன்னு சொன்னாங்க. அந்த ஈய எழுத்துல கமாவும் மேல்கமாவும் ரொம்ப ஒல்லியா இருக்குமாம், வெரலுக்கு சிக்காது, கீழ விழுந்தா தேட முடியாது, "அதனாலயே முக்காவாசிப் பேரு இருக்குற எடத்துல செருகிட்டுப் போயிருவாங்க தம்பி"ன்னாங்க.

என் கார்டை நீட்டுனேன். டிசைனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. கேள்வி மேல கேள்வி. எத்தனை பொண்ணு? மாப்பிள்ளைங்க அண்ணன் தம்பியா, வேற வேற வீடா? ரெண்டு பேருக்கும் அம்மா அப்பா இருக்காங்களா? ஒரே பூசையா, தனித்தனியா? எனக்கு இதெல்லாம் எதுக்குன்னு மொதல்ல வெளங்கல. பழைய காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் திருப்பி எழுதிக் காட்டும்போதுதான் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எடத்துல ஒரு எழுத்து மாறுதுன்னு தெரிஞ்சுது.

அவங்க சொல்லிக் குடுத்தது இதான்: மொதல்ல ஆளை எண்ணு, அதை முழுசா எழுதி முடி, அதுக்கப்பறம் உடைமையைப் போடு. ஒரு மகள்னா டாட்டர்னு முடிச்சாச்சு, இப்ப மேல்கமா எஸ், டாட்டர்'ஸ். ரெண்டு மகள்னா டாட்டர்ஸ்னு மொதல்ல முடி, ஏற்கெனவே எஸ்ல முடிஞ்சுருச்சு, இன்னொரு எஸ் வேண்டாம், மேல்கமா மட்டும் கடைசில வை, டாட்டர்ஸ்'. நான் ஸ்கூல்ல பன்னெண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்சிருக்கேன், எஸ்ஸுக்கு முன்னாடி, எஸ்ஸுக்குப் பின்னாடின்னு மனப்பாடம் பண்ணிருக்கேனே தவிர இந்த வரிசை யாரும் சொன்னதில்ல. இதைப் புடிச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா வந்துருது.

சின்னவ அந்தத் தப்பை எப்டி உடனே புடிச்சான்னு கேட்டப்ப நர்ஸுன்னு சொன்னேன். டீச்சர் மொகம் மலந்துருச்சு. "அதான், தெனமும் சில்ட்ரன்'ஸ் வார்டு போர்டை பாக்குற புள்ள"ன்னாங்க. சைல்டுக்கு பன்மை சில்ட்ரன், அது எஸ்ல முடியல, அதனால மேல்கமாவும் எஸ்ஸும் ரெண்டும் வேணும், சில்ட்ரன்'ஸ். மேல்கமாவை எஸ்ஸுக்குப் பின்னாடி கொண்டு போய் வெச்சா தப்பு, ஏன்னா சில்ட்ரன்ஸ்னு ஒரு வார்த்தையே கெடையாது. பழைய இங்கிலீஷ்ல சில்ட்ருன்னு ஒரு பன்மை இருந்துச்சாம், காலம் போகப் போக அது பன்மைங்கறதே மறந்து போயி இன்னொரு பன்மை வாலை, கடைசில வர்ற அந்த "ன்" சத்தத்தை, மேல ஒட்டிட்டாங்களாம், அப்டி வந்ததுதான் சில்ட்ரன். பைபிள்ல வர்ற பிரத்ரன் கூட அதே மாதிரி, பிரதரோட பழைய பன்மை. எங்க கோயில்ல இங்கிலீஷ் பூசைக்குப் போனப்ப அந்த வார்த்தையைக் கேட்டுருக்கேன், பிரதர்ஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு யோசிச்சதே இல்ல.

மேல்கமா ஏன் வந்துச்சுன்னும் கேட்டேன். அந்தக் காலத்து இங்கிலீஷ்ல உடைமைக்கு ஈ-எஸ்னு ஒரு வால் உண்டாம், அந்த ஈ பேச்சுல தேஞ்சு விழுந்துருச்சு, விழுந்த எடத்தைக் காட்டத்தான் அந்தக் கொக்கி. நம்ம "அவனுடைய" தேஞ்சு "அவனோட" ஆன மாதிரின்னு சொன்னாங்க, பட்டுனு புரிஞ்சுது.

அடுத்து மருமகன் விவகாரம். பழைய கார்டுல உள்ள அப்பா பேருக்குக் கீழ மாப்பிள்ளைங்க ரெண்டு பேரையும் சேர்த்து "சன்-இன்-லாஸ்"னு போட்டுருந்தாங்க. டீச்சர் அதைப் பாத்ததும் பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைக் கேட்டாங்க, "தம்பி, உங்க வீட்டுக்கு ரெண்டா வர்றது யாரு? புள்ளைங்களா, சட்டமா?" லான்னா சட்டம். சட்டம் ஒண்ணுதான், புள்ளைங்கதான் ரெண்டு, அதனால எஸ் சன் மேலதான் ஏறணும், சன்ஸ்-இன்-லா. அதே மாதிரி மதர்ஸ்-இன்-லா, ஃபாதர்ஸ்-இன்-லா, டாட்டர்ஸ்-இன்-லா, பிரதர்ஸ்-இன்-லா. தமிழ்ல மருமகன்மாருன்னு வாலுல போட்டே பழகுனதால நமக்கு கை தானா கடைசிக்குப் போயிருதுன்னாங்க.

ஆனா உடைமைன்னு வந்தா கதை திரும்புது. மருமகனோட படகுன்னா சன்-இன்-லா'ஸ் போட். இங்க கடைசிலதான் வரும், ஏன்னா அந்த மூணு வார்த்தையும் சேர்ந்துதான் ஒரு ஆளு, அந்த ஆளு மொத்தமும்தான் படகுக்குச் சொந்தக்காரன். எண்ணிக்கை ஆளு மேல, சொந்தம் கடைசில. ரெண்டும் சேர்ந்து வந்தா சன்ஸ்-இன்-லா'ஸ்னு வரும், சரிதான், ஆனா படிக்கிறவன் மூச்சு முட்டும், கார்டுல அப்டி வர்ற எடத்தை "ஆஃப்" (of) போட்டு மாத்தி எழுதிருவேன்னாங்க. எண்ணிக்கையிலயும் ஒரு விலக்கு இருக்கு, பொதுவா சம்பந்தி வீட்டாளுங்க, மாமனார் வீட்டாளுங்கன்னு மொத்தமா சொல்றப்ப இன்-லாஸ்னு தனியா வரும், அங்க மேல ஏற சன்னும் இல்ல மதரும் இல்ல, அதனால எஸ் லா மேலயே உக்காந்துக்கும்.

ஸ்டெப்மதர், காட்மதர், கிராண்ட்ஃபாதர் எல்லாம் ஒரே வார்த்தையா ஒட்டிப் போனதால எஸ் கடைசிலதான். எங்க தங்கச்சிங்களோட ஞானத்தாய்மாரு ரெண்டு பேரு பேரும் கார்டுல இருந்துச்சு, காட்மதர்ஸ்னு சரியாத்தான் போட்டுருந்தாங்க, அதை டீச்சர் ஒரு டிக் போட்டு விட்டுட்டாங்க.

இந்த எடத்துல நான் ஒண்ணு கேட்டேன், மதினி, கொழுந்தியா, நாத்தனா, ஓர்ப்படியா எல்லாத்துக்கும் ஒரே சிஸ்டர்-இன்-லா தானான்னு. ஒரே வார்த்தைதான், எல்லாரையும் சேர்த்தா சிஸ்டர்ஸ்-இன்-லா. நம்ம தீவுல அக்காமடம், தங்கச்சிமடம்னு பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஊரு, அக்காவுக்கு ஒண்ணு தங்கச்சிக்கு ஒண்ணு, இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டு பேரும் சிஸ்டர்தான். அதை டீச்சர்கிட்ட சொன்னதும், "அப்ப கார்டுல மூத்தவ எளையவன்னு நம்மதான் சொல்லணும்"னு பழைய கார்டுல இருந்த எல்டஸ்ட்டை அடிச்சுட்டு எல்டர்னு எழுதுனாங்க. ரெண்டே பேருன்னா எல்டர், யங்கர். மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் எல்டஸ்ட், யங்கஸ்ட். மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் இனிமே சகலப்பாடி, அதுக்கு இங்கிலீஷ்ல தனியா ஒரு சொல் கெடையாது, நம்ம ஊருல கோ-பிரதர்னு சொல்லிக்கிறோம், வெளிநாட்டுக்காரன் கேட்டா முழிப்பான், அதுவும் பிரதர்ஸ்-இன்-லா கணக்குலயே போயிரும்.

அப்பாவோட அண்ணன் தம்பி மூணு பேரையும் சம்சாரங்களையும் சேர்த்துப் போட்ட வரியில வைஃப்ஸ்னு இருந்துச்சு. வைஃப்புக்கு பன்மையில ஃப் போயி வ் வரும், வைவ்ஸ். ஆனா ஒருத்தரோட சம்சாரத்துக்குச் சொந்தமானதுன்னா ஃப் அப்டியே நிக்கும், வைஃப்'ஸ்தான். இதை வேகமா சொல்லிட்டுப் போயிட்டாங்க, நான்தான் வீட்டுல வந்து நாலு தடவை எழுதிப் பாத்துக்கிட்டேன்.

அவங்க ரொம்ப நேரம் நின்ன எடம் அட்டையில இருந்த அந்த ஒரு வரிதான். டாட்டர்ஸ்' சரி, அதுக்கப்பறம் வெட்டிங்கா, வெட்டிங்ஸா? பொண்ணு ரெண்டு, மாப்பிள்ளை ரெண்டு, அப்ப கல்யாணமும் ரெண்டுதானேன்னு ஓனர் அண்ணன் சொல்றாரு. டீச்சர் ஒத்துக்கல. "ஒரே சாமியாரு, ஒரே பூசை, ஒரே நேரத்துல வாக்கு குடுக்கப் போறாங்க, ஜனங்க ஒரு தடவைதான் கெளம்பி வரப் போறாங்க, வெட்டிங் ஒண்ணு"ன்னு முடிவா சொல்லிட்டாங்க. காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னா வெட்டிங்ஸ்னு போட்டுருப்பாங்களாம். "அவர் டாட்டர்ஸ்' வெட்டிங்." பழைய வரிக்கும் புது வரிக்கும் எழுத்து ஒண்ணு கூட கூடல, கொறையல, கொக்கி மட்டும் ஒரு எடம் தள்ளி உக்காந்திருக்கு.

மாப்பிள்ளை வீடுங்க ரெண்டும் வேற வேறங்கறதால க்ரூம்ஸ்' பேரன்ட்ஸ்னு போட்டு கீழ தனித்தனியா பேரு. வீட்டு விலாசத்துல அப்பா அம்மா பேரை சேர்த்துப் போடும்போது ரெண்டாவது பேருல மட்டும் மேல்கமா எஸ், ஏன்னா வீடு ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு. ஆளுக்கு ஒரு வீடுன்னா ரெண்டு பேருலயும் போடணுமாம். இப்டி ஒரு விலாசத்தை வெச்சே புருஷன் பொண்டாட்டி சேர்ந்து இருக்காங்களா தனியா இருக்காங்களான்னு சொல்லிடலாம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இவங்க நேம் போர்டும் பண்றாங்க. சின்னவ மாப்பிள்ளை வீட்டுக்கு சீரோட குடுக்கலாம்னு அக்ரிலிக்ல ஒண்ணு சொன்னேன், அவங்க வீட்டுப் பேரு ஃபெர்னாண்டோ, நம்ம கடற்கரையில எத்தனை ஊருல அந்தப் பேரு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். எல்லா வீட்டு வாசல்லயும் "தி ஃபெர்னாண்டோ'ஸ்"னு மேல்கமா போட்டுத்தான் நான் பாத்துருக்கேன், அப்டியே எழுதிக் குடுத்தேன். டீச்சர் எடுத்துட்டாங்க. ஃபெர்னாண்டோ குடும்பத்துக்காரங்க இங்க இருக்காங்கன்னுதானே சொல்ல வர்றோம், அது வெறும் பன்மை, தி ஃபெர்னாண்டோஸ், கொக்கியே வேணாம். கொக்கி போட்டா ஃபெர்னாண்டோவோட என்னதுன்னு கேள்வி வந்துரும், பதில் போர்டுல இல்ல. ஹவுஸ்னு சேர்த்தா ஃபெர்னாண்டோஸ்' ஹவுஸ்.

பேரு எஸ்ல முடிஞ்சா, தாமஸ், ஜேம்ஸ் மாதிரி, ஈ-எஸ் சேர்த்து தாமஸஸ், ஜேம்ஸஸ். சொல்லிப் பாத்தா ஒரு மாதிரி இருக்கும், ஆனா அதான் சரி. ஒரே ஒரு ஜேம்ஸோட பொருள்னா ஜேம்ஸ்'ஸ்னும் எழுதலாம், கொக்கியோட நிறுத்தி ஜேம்ஸ்'னும் எழுதலாம், ரெண்டுமே புழக்கத்துல இருக்கு, ஒரே கார்டுல ரெண்டு விதமா மட்டும் எழுதாதன்னு சொன்னாங்க. ஆன்டனி மாதிரி ஒய்ல முடியுற பேருக்கு ஃபேமிலி மாதிரி ஒய்யை எடுத்துட்டு ஐ-ஈ-எஸ் போடக்கூடாது, மனுஷன் பேரை ஒடைக்கக்கூடாது, ஒய்யை அப்டியே வெச்சு பின்னாடி எஸ் சேர்க்கணும். எங்க வீட்டுலயே நாலு மேரி இருக்காங்க, எனக்கு இது ரொம்ப உதவி.

ரெண்டாவது தடவை போனப்ப டீச்சர் ஒரு ஸ்கூலோட அன்னையர் தின நோட்டீஸ் திருத்திட்டு இருந்தாங்க. அமெரிக்காவுல அதை ஆரம்பிச்ச அன்னா ஜார்விஸ்ங்கற அம்மா மேல்கமா எஸ்ஸுக்கு முன்னாடிதான் இருக்கணும்னு பிடிவாதமா நின்னாங்களாம், மதர்'ஸ் டே. உலகத்துல உள்ள தாய்மாருக்கெல்லாம் மொத்தமா ஒரு நாள் இல்ல, ஒவ்வொரு வீட்டுலயும் அந்த ஒரு அம்மாவுக்கான நாள். 1914-ல அங்க ஜனாதிபதி வில்சன் மே மாசம் ரெண்டாவது ஞாயிறுன்னு அறிவிச்சாரு. அதைச் சொல்லும்போது அவங்க பேனாவை அந்த மேல்கமாவுலயே வெச்சிருந்தாங்க. எனக்கு எங்க வீட்டு அடுப்படி நடையும் சின்னவ வெரலும்தான் ஞாபகம் வந்துச்சு.

சரி, மத்த விஷயங்கள். 350 கார்டு அடிச்சோம், கவரோட சேர்த்து ஒண்ணு 22 ரூபா, எங்க பக்கத்து ரேட்டை விட மூணு ரூபா கூட. ப்ரூஃப் பாக்க தனியா காசு வாங்கல. பேப்பர் நல்ல கனம், பாம்பன் உப்புக்காத்துல ஒரு மாசமா அலமாரியில இருக்கு, இன்னும் வளையல, தங்கக் கலரும் உதிரல. தமிழ் ஃபான்ட்டு மூணு நாலுதான் வெச்சிருக்காங்க, விதவிதமா வேணுங்கறவங்களுக்கு இது பத்தாது. கவர்ல பசை கொஞ்சம் மோசம், நாங்க அம்பது அறுபது கவரை வீட்டுல மறுபடி ஒட்டுனோம். அவசரம்னு சொன்னா ஓனர் அண்ணன் தலையாட்டுவாரு, டீச்சர் ஆட்ட மாட்டாங்க, கொறைஞ்சது எட்டு நாள். ப்ரூஃப் வாட்ஸப்ல அனுப்ப மாட்டேங்குறாங்க, பேப்பர்ல பாத்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்னு ஒரே பேச்சு, அதுக்குத்தான் நான் நாலு தடவை போனது. தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு இது கஷ்டம்தான், இதுல அவங்க கொஞ்சம் எறங்கி வந்தா நல்லாருக்கும்.

ப்ரூஃப்ல கையெழுத்து போடுறதுக்கும் ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. ஆர்டர் குடுத்த ஆளு மட்டும் போட்டா ஏத்துக்க மாட்டாங்க, யாரு கல்யாணமோ அவங்களும் படிச்சுப் பாத்துட்டுப் போடணும். ரெண்டாவது தடவை போனப்ப ப்ரூஃபை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, "இப்ப சின்னவ எங்க இருக்கா, காட்டு"ன்னு கேட்டாங்க. எஸ்ஸுக்குப் பின்னாடி இருந்த கொக்கியைக் காட்டுனேன். அம்மா கண்ணைச் சுருக்கி கிட்ட வெச்சுப் பாத்துட்டு, "இத்துனூண்டா"ன்னாங்க. பெரியவ மொதல்ல கையெழுத்து போட்டா. சின்னவ வாங்கி முழுசா, தமிழ்ப் பக்கம் இங்கிலீஷ் பக்கம் ரெண்டையும் வரி வரியா படிச்சா, உள்பக்கம் ஒரு எடத்துல ஃபுல் ஸ்டாப் ரெண்டு தடவை விழுந்திருந்ததைக் கண்டுபுடிச்சு வட்டம் போட்டா, அப்புறம் அட்டை வரிக்கு நேர் கீழ தன் பேரை முழுசா எழுதுனா.

மூணாவது தடவை அதைத் திருப்பிக் குடுக்கப் போனப்ப அந்த வட்டத்தைப் பாத்துட்டு டீச்சர், "இந்தப் புள்ளைய கூட்டிட்டு வந்திருக்கலாமே தம்பி"ன்னு கேட்டாங்க. நாலாவது தடவை, பண்டல் வாங்கப் போனப்ப, கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க, நான் கீழ டீ குடிச்சுட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு தடவை படியேறி எறங்குனேன்.

மதியம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் பூட்டியிருப்பாங்க, ஞாயிறு கெடையாது. போகும்போது மாப்பிள்ளை வீடு பொண்ணு வீடு ரெண்டு பக்கமும் யாரு யாருக்கு என்ன முறை, எத்தனை பேருன்னு ஒரு தாள்ல தமிழ்லயே எழுதி எடுத்துட்டுப் போங்க, டீச்சர் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.